ஒரு பாட்டு, இரண்டு பதிவுகள்

கேள்வி: எங்கள் இசை வட்டத்தில் உள்ள பழைய அமெரிக்கச் சிறைத் தொழிற்பாடல் (கைதிகள் வேலை செய்தபடி பாடியவை) ஒலிப்பதிவுகளைப் பட்டியலிடுகிறேன். ஒரே பாட்டை இரண்டு குழுக்கள் பாடியிருந்தால் ஒலிப்பதிவுகளை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு ஒன்றே போதுமா?
- வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: போதாது. 12 இடங்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறிப்பிட்ட ஒலிப்பதிவை மட்டுமே சுட்டும். பாட்டின் ஆக்கத்துக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற குறியீடு தனியே உண்டு. நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறொன்று: ஐ.எஸ்.ஆர்.சி.யில் குறியீடு வழங்குபவரைக் குறிக்கும் முதல் 5 இடங்களை அடுத்து வரும் 2 எண்கள் குறியீடு வழங்கிய ஆண்டையே காட்டும் என்பதால், நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1947-லும் 1959-லும் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப்பண்ணையில் பதிந்தவற்றுக்குக்கூட அங்கே பிற்கால ஆண்டுதான் இருக்கும். ஆகவே பதிந்த ஆண்டையும் இடத்தையும் பட்டியலில் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். குறியீடே இல்லாத பதிவுக்கு நீங்களாக ஒன்றைப் புனைய வேண்டாம். அதை வழங்குவது ஒலிப்பதிவு உரிமையாளரின் பொறுப்பு.

கோடரிகள் ஒன்றாக மரத்தில் விழும் ஓசைதான் பல பாடல்களுக்குத் தாளம், அதையும் குறித்துவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘கைதிகள் குழு’ என்று முடித்துவிடாமல், முன்னின்று பாடியவரின் பெயர் கிடைத்தால் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். 1959-இல் பார்ச்மனில் பாடிய ஜேம்ஸ் கார்ட்டரைத் தேடிக் கண்டுபிடித்து உரிமைத்தொகை தர 40 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.