எலுமிச்சைப் புழுவும் ஒரு பொய்யும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். வீட்டுப் பின்பக்கம் ஒரு எலுமிச்சையும் ஒரு கறிவேப்பிலையும் நிற்கின்றன. ஐப்பசி மழைக்குப் பிறகு எலுமிச்சைக் கொழுந்தில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. குழாயைப் பிடித்துக் கழுவிவிடப் போனேன். எங்கள் அத்தைதான், "அது எச்சம் இல்ல, புழு. பிடுங்கிப் போடு" என்றார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் விடவில்லை. ஆறு புழுவை எடுத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து வளர்த்தோம். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் டப்பாவைத்தான் போய்ப் பார்ப்பாள். நாலு நல்லபடியாகப் பட்டாம்பூச்சியாகிப் பறந்தன. ஒன்று பாதியிலேயே செத்துப்போனது. கடைசிக் கூட்டில் சின்னதாக ஒரு ஓட்டை விழுந்து, பொடிப்பொடியாகக் குளவிகள் வெளியே வந்தன. பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்தாள். டப்பாவோடு தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "உன் பட்டாம்பூச்சி பறந்து போயிட்டு" என்று சொல்லிவிட்டேன். அவள் அழுவாளே என்றுதான்.

இந்தக் குளவி வராமல் தடுப்பது எப்படி? மாடியில் பட்டாம்பூச்சித் தோட்டம் போட என்னென்ன செடி வாங்கலாம்? தமிழ் மறவன் வருமா? அத்தை கறிவேப்பிலையில் இருக்கிற புழுவையெல்லாம் பிடுங்கிப் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடுகிறார்கள். அவர்களுக்கு இதையெல்லாம் எப்படிப் புரியவைப்பது?

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள ம.,

போன வாரம் புளியங்குடிப் பக்கம் ஒரு எலுமிச்சைத் தோட்டத்தில் உட்கார்ந்து இதே குளவியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அந்தத் தோட்டக்காரர் நாற்றுகளில் மட்டும் புழு பார்ப்பார். நாற்றில் நாலு புழு ஏறினால் குச்சிதான் மிஞ்சும். பெரிய மரங்களில் புழு கிடந்தால் கண்டுகொள்வதில்லை. ஏன் என்று கேட்டேன். "அத பாக்கதுக்கு வேற ஆள் இருக்கு" என்றார். அந்த வேற ஆளைத்தான் நீங்கள் டப்பாவோடு குப்பையில் போட்டிருக்கிறீர்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ் மறவன் வராது. 2019இல் அதை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்ததிலிருந்து எல்லோருக்கும் அது மொட்டை மாடியில் வேண்டும். அது மேற்கு மலைக் காட்டில் கிடக்கிற உயிர். அதன் புழு நீரடிமுத்து வகை மரங்களின் இலையைத் தின்னும். பாளையங்கோட்டை மாடியில் நீங்கள் நீரடிமுத்து வளர்த்து முடிப்பதற்குள் பாப்பாவுக்குக் கல்யாணமாகிவிடும். பார்க்க ஆசையாக இருந்தால் மழை ஓய்ந்த பிறகு மலைப்பக்கம் கூட்டிப் போங்கள்.

செடியும் வாங்க வேண்டாம். நர்சரிக்குப் போனால் பூத்த தொட்டிகளாகப் பார்த்து உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். தேன் குடிக்கப் பலவகைப் பூவுக்கும் பட்டாம்பூச்சி வரும். முட்டை வைக்கத்தான் அதற்கென்று செடி வேண்டும். அது பெரும்பாலும் நாம் களை என்று வெட்டி எறிகிற செடியாக இருக்கும். சுவரோரம் எருக்கு முளைத்தால் விட்டுவிடுங்கள், வெந்தய வரியன் வரும். அரளி இருந்தால் வெண்புள்ளிக் கருப்பன். தேள்கொடுக்கு காய்ந்து நின்றால் அதையும் பிடுங்காதீர்கள். ஆண் வரியன்கள் அந்தக் காய்ந்த செடியில் போய் மொய்க்கும். பெண்ணை மயக்கும் வாசனை தயாரிக்க வேண்டிய சரக்கு அதற்குள் இருக்கிறது. எருக்கம்பால் கண்ணில் படாமலும் அரளி வாயில் போகாமலும் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். செடி விஷயம் இவ்வளவுதான்.

இப்போது அந்தப் பொய்க்கு வருகிறேன்.

அது பொய் என்பதைவிட, மட்டமான பொய் என்பதுதான் எனக்கு எரிச்சல். உங்கள் பிள்ளை ஏற்கெனவே நாலு பட்டாம்பூச்சி பறந்ததைப் பார்த்தவள். பறந்த பிறகு என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும். தலைப்பக்கம் வெடித்த, கண்ணாடி போலான வெறுங்கூடு குச்சியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அடியில் றெக்கை விரிக்கும்போது கழித்த செந்நிறத் தண்ணீர் கறையாகக் காய்ந்திருக்கும். பட்டாம்பூச்சி பறந்துவிட்டது, சரி. கூடு எங்கே? டப்பா எங்கே? அவள் கேட்டிருப்பாள். நீங்கள் எழுதவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் அது இன்னும் மோசம். அம்மா எதையோ மறைக்கிறாள் என்று புரிந்துகொண்டு சும்மா இருந்திருக்கிறாள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

பிள்ளையின் மனசு நோகக்கூடாது என்கிறீர்கள். நல்ல மனசுதான். ஆனால் இத்தனை நாள் இலை பறித்துப் போட்டு, புழுக்கை அள்ளி, புழு தோலுரிப்பதை மூச்சைப் பிடித்துப் பார்த்தவளுக்கு அந்த ஆறு புழுவின் கதையில் கடைசிப் பக்கத்தைப் படிக்க உரிமை இல்லையா? அதை மட்டும் கிழித்துப் போட நீங்கள் யார்?

நடந்தது என்னவென்று சொல்கிறேன், அவளிடம் சொல்லுங்கள். புழு முழுசாக வளர்ந்ததும் தின்பதை நிறுத்தும். வயிற்றில் இருப்பதைத் தண்ணியாகக் கழித்துவிட்டு இடம் தேடி அலையும். குச்சி கிடைத்ததும் வால் பக்கத்தைப் பட்டுநூலால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித் தன்னைச் சுற்றி ஒரு நூல் வளையம் போட்டு, அதில் சாய்ந்து, தலை மேலாக அசையாமல் இருக்கும். குளவி அந்த நேரம் பார்த்துத்தான் வரும். எறும்பளவுகூடத் தேறாது, வெயில் பட்டால் பச்சையாக மினுங்கும். தெரோமாலஸ் என்று அந்த வகைக்குப் பெயர். வந்ததும் கொட்டாது. புழுவின் மேலேயே ஏறி உட்கார்ந்து, மணிக்கணக்காகக் காத்திருக்கும். புழு கடைசித் தோலை உரித்துக் கூடாக மாறும்போது கூட்டின் மேல்தோல் ஈரமாக, மெத்தென்று இருக்கும். அப்போது ஊசியை இறக்கி முட்டைகளை உள்ளே விடும். தோல் இறுகிவிட்டால் ஊசி இறங்காது. காத்திருந்தது இதற்குத்தான். உங்கள் டப்பா ஜன்னலோரம் திறந்து கிடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. திறந்துதான் கிடந்திருக்கும்.

இதைத் தடுக்க வேண்டுமா? டப்பாவின் வாயை மெல்லிய துணியால் கட்டினால் போதும், குளவி நுழையாது. கேள்விக்குப் பதில் முடிந்தது. ஆனால் வெளியே மரத்தில் யார் துணி கட்டுவது? எலுமிச்சை அழகி, அதுதான் உங்கள் புழுவின் தாய்ப் பட்டாம்பூச்சி, கொழுந்துக்கு ஒன்றாக முட்டை வைத்துக்கொண்டே போகும். வைத்ததெல்லாம் பறந்தால் இரண்டு மழைக்குள் புளியங்குடியில் எலுமிச்சை இருக்காது, உங்கள் வீட்டு மரமும் மொட்டையாகிவிடும். முட்டையிலேயே பாதியை இன்னொரு வகைக் குட்டிக் குளவி கொண்டுபோகும். மிஞ்சியதில் தையல்சிட்டு தன் குஞ்சுக்குக் கொத்திக்கொண்டு போகும். தையல்சிட்டுக் கூட்டைக் கண்டால் போட்டோ எடுத்து அனுப்புகிறீர்கள், அது தன் குஞ்சுக்கு எதை ஊட்டுகிறது என்று நினைத்தீர்கள்? வெளியில் ஆறில் ஒன்று பறந்தாலே அதிகம். உங்கள் டப்பாவில் நாலு பறந்திருக்கிறது. உங்களுக்கு லாபக் கணக்கு, அம்மா. அழுகிற கணக்கு இல்லை.

மரியா சிபில்லா மெரியன் என்று ஒரு பெண். 1647இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். 13 வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்து, அப்புறம் கையில் கிடைத்த புழுவையெல்லாம் வீட்டிலேயே வளர்த்தார். இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களும் கூடவே உட்கார்ந்து வரையக் கற்றார்கள். 1699இல் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு, புழு பார்ப்பதற்கென்றே தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். அவர் வரைந்ததில் செடி, அதைத் தின்னும் புழு, கூடு, பட்டாம்பூச்சி எல்லாம் ஒரே தாளில் இருக்கும். சில சமயம் பட்டாம்பூச்சி வர வேண்டிய இடத்தில் ஈயும் குளவியும் வந்தன. அது எப்படி உள்ளே போனது என்று சரியாக விளங்காத காலம். இருந்தாலும் அவற்றையும் வரைந்து வைத்தார். மகள்களின் கண்ணில் படக்கூடாது என்று தூக்கி எறியவில்லை.

ஜெர்மனிவரை போவானேன். எங்கள் ஊர் கன்னடியன் கால்வாய் பாயும் ஊர். ஆச்சி வீட்டுப் புறவாசலில், கிணற்றடிக்குப் பக்கத்தில் செவ்வரளி நிற்கும். காலையில் சாமிக்குப் பூப் பறிப்பது ஆச்சி, ஓலைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். அரளி இலைக்கு அடியில் வெண்புள்ளிக் கருப்பனின் கூடுகள் தலைகீழாகத் தொங்கும். பார்த்தவர்களுக்குத் தெரியும், சுத்த வெள்ளி. ஆச்சி தன் கம்மலைக் கழற்றி இலையில் மாட்டியதுபோல இருக்கும். கிட்டப் போனால் நம் மூஞ்சி கோணலாக அதில் தெரியும். சாயம் ஒன்றும் கிடையாது. மேல்தோல் மெல்லிசு மெல்லிசாக அடுக்கடுக்காய் இருப்பதால் வெளிச்சம் அப்படித் தெறித்து வருகிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கூடு காய்ந்துவிட்டால் அந்த மினுக்கம் போய்விடும்.

ஆச்சி பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. ஆனால் எந்தக் கூடு என்றைக்குத் திறக்கும் என்று அவளிடம் கேட்கலாம். "இது நாளைக்கு. றெக்கை தெரியுது பாரு" என்பாள். உற்றுப் பார்த்தால் தோலுக்குள்ளே கறுப்பு றெக்கையும் வெள்ளைப் புள்ளியும் தெரியும். இன்னொன்றைக் காட்டி, "இது வராதுல. இதுல ஈ விழுந்துட்டு" என்பாள். அதுவும் கறுத்துத்தான் இருக்கும். எனக்கு இரண்டும் ஒரே கறுப்பு. அவளுக்கு ஒன்று தெளிஞ்ச கறுப்பு, இன்னொன்று அழுக்குக் கறுப்பு. விரலால் லேசாகத் தொடுவாள். உயிருள்ள கூடு நெளியும், ஈ விழுந்தது கட்டையாகக் கிடக்கும்.

நான் நம்பாமல் ஒரு வராத கூட்டை இலையோடு கிள்ளி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வாயைத் துணியால் கட்டி அடுக்களை ஜன்னலில் வைத்தேன். ஈதான் வந்தது. வீட்டு ஈ மாதிரியே இருந்தது, உடம்பெல்லாம் முள்முள்ளாக மயிர். ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "சொன்னேன்லா" என்றாள். பாட்டிலை வாங்கித் துணியை அவிழ்த்து ஈயைப் பறக்கவிட்டுவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான். அவள் ஒரு கதையும் சொல்லவில்லை, தத்துவமும் பேசவில்லை. எனக்கும் அழத் தோன்றவில்லை. இது அழ வேண்டிய விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எச்சம் என்று நீங்கள் கழுவப் போனதைப் புழு என்று கண்டுபிடித்தது யார்? பறவையையே ஏமாற்றுகிற வேஷம் அது. குஞ்சுப்புழு கறுப்பும் வெள்ளையுமாக, நனைந்த எச்சம் மாதிரியே மினுமினுவென்று கிடக்கும். கூடாவதற்கு முந்தின தோலுரிப்புக்குப் பிறகுதான் பச்சையாகும். உங்களுக்குத் தெரியாத இதை உங்கள் அத்தை நின்ற இடத்திலிருந்து ஒரு பார்வையில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குப் "புரியவைக்க" என்னிடம் வழி கேட்கிறீர்கள். மருந்துக்கடையில் போய் விஷம் வாங்கி அடிக்காமல் கையால் பிடுங்கிக் கோழிக்குப் போடுகிறவர்களிடம் புரியவைக்க என்ன இருக்கிறது? கோழியும் தையல்சிட்டும் செய்வது ஒரே வேலைதான்.

அடுத்த முறைக்கு இரண்டு வார்த்தை. கடைக் கறிவேப்பிலையைப் புழுவுக்குப் போடாதீர்கள், அதில் என்ன மருந்து அடித்திருப்பார்களோ தெரியாது. பாதியில் செத்த அந்த ஒன்றுக்கு என்ன போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கொப்பைத் தண்ணீர் பாட்டிலில் சொருகினால் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புழு உள்ளே இறங்கிச் செத்துப்போகும். டப்பா உயரமாக இருக்கட்டும், உள்ளே சாய்வாக ஒரு குச்சி வையுங்கள். கூட்டிலிருந்து வந்த பூச்சி தொங்கினால்தான் றெக்கை விரியும், கீழே விழுந்தால் சுருங்கினபடியே காய்ந்துபோகும். புழுவைத் தொட்டுத் தொட்டுச் சீண்ட வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாய் ஒரு இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் விடுமே, அது விளையாட்டு காட்டுவதற்காக இல்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், மற்ற நேரம் அது தின்னட்டும்.

குளவி வந்தால், அந்தக் கூட்டைத் தனியாக ஒரு பாட்டிலில் போட்டு, துணி கட்டி, பாப்பா கையில் கொடுங்கள். எத்தனை வந்தது என்று அவளே எண்ணி நோட்டில் எழுதட்டும். போன தடவை என்ன நடந்தது என்பதையும் அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். ஒரு பத்து நிமிஷம் கோபிப்பாள், கோபிக்கட்டும்.

கறிவேப்பிலை விஷயத்தில் நான் உங்கள் அத்தை பக்கம். துவையலுக்கு இலை வேண்டாமா? எலுமிச்சை பாப்பாவுக்கு, கறிவேப்பிலை அத்தைக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள். எதுவும் பேசாமல் இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றுவது உங்கள் வேலை.

அன்புடன்,
அண்ணாச்சி