கால் ஆணி மருந்தை இன்றே நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. கணவர் கட்டாரில் வேலை செய்துவிட்டு எட்டு மாதங்களுக்கு முன் ஊருக்கு வந்தார். இரண்டு மாதமாக என் பெண்ணுறுப்பின் வாசலில் சின்னச் சின்ன உண்ணிகள். பூக்கோவா போலக் கூடிக்கொண்டு வருகின்றன, நோவு இல்லை. பாமசியில் கால் ஆணிக்குப் பூசும் மருந்தை வாங்கிப் பூசினேன், வெந்து புண்ணாகிவிட்டது. கணவருக்கு ஒன்றும் இல்லை. அவரில் சந்தேகமாக இருக்கிறது, கேட்கவும் பயம். இது புற்றுநோயா? தரம் 6 படிக்கும் மகளுக்குப் பாடசாலையில் ஊசி போடக் கடிதம் தந்திருக்கிறார்கள். சம்மதிக்கலாமா?
— பெயர் வேண்டாம், மூதூர்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தப் புண்ணைப் பார்ப்போம். கால் ஆணி மருந்தில் இருப்பது சாலிசிலிக் அமிலம். உள்ளங்காலின் தடித்த தோலைக் கரைப்பதற்கென்றே செய்தது. நீங்கள் பூசிய இடத்தின் தோலோ மெல்லியது, எப்போதும் ஈரமானது. அங்கே மருந்து உண்ணியோடு நிற்காமல் சுற்றிலும் பரவி எரித்துவிடும். சுண்ணாம்பும் எருக்கம்பாலும் செய்வது இதைத்தான், அவற்றையும் தொட வேண்டாம். வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, வாஸ்லின் களிம்பை மெல்லியதாகப் பூசுங்கள். டெட்டோல் வேண்டாம், சவர்க்காரமும் வேண்டாம். பருத்தி உள்ளாடை அணியுங்கள். வீக்கம், சீழ், காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் போக முடியாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இவை பிறப்புறுப்பு உண்ணிகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எச்.பி.வி. என்ற வைரஸால் வருபவை. அந்த வைரஸில் பல வகைகள் உண்டு. இந்த உண்ணிகளில் பத்துக்கு ஒன்பதை உண்டாக்குபவை 6, 11 ஆகிய வகைகள், இவை புற்றுநோயை உண்டாக்குபவை அல்ல. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாவது 16, 18 என்ற வேறு வகைகள். ஆனால் ஒருவருக்கு இரண்டு விதமும் தொற்றியிருக்கலாம். அதனால், 35 வயதில் செய்ய வேண்டிய, கருப்பை வாயில் புற்றுநோய்க்கான மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பாப் பரிசோதனையை நீங்கள் இன்னும் செய்யவில்லை என்றால், சுகவனிதையர் கிளினிக்கில் இப்போதே செய்துகொள்ளுங்கள்.

இனி, உங்களை அதிகம் வருத்தும் கேள்வி. வைரஸ் தொற்றிய பிறகு உண்ணி வெளியே தெரிய வழக்கமாக இரண்டு மூன்று மாதம் எடுக்கும். சிலருக்குச் சில வாரம் போதும், சிலருக்கு ஒரு வருடமோ பல வருடங்களோ கூட ஆகும். உண்ணி ஒன்றுமே தோன்றாமல் வைரஸைச் சுமப்பவர்கள்தான் அதிகம். உங்கள் கணவர் திருமணத்துக்கு முன்பே சுமந்திருக்கலாம், கட்டாரில் தொற்றியிருக்கலாம், உங்கள் உடலிலேயே நெடுநாள் அடங்கியிருந்து இப்போது வெளிவந்திருக்கலாம். எது நடந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஆகவே இந்த உண்ணியைச் சாட்சியாக வைத்து அவரைக் குற்றம் சாட்டாதீர்கள், உங்களையும் வேறு யாரும் குற்றம் சாட்ட விடாதீர்கள். “எனக்கு இப்படி வந்திருக்கிறது, கிளினிக்கில் இரண்டு பேரையும் பார்க்க வேண்டும்” என்று சொன்னால் போதும். அவருக்கு வெளியே ஒன்றும் தெரியாவிட்டால் உண்ணிக்கான மருந்து அவருக்குத் தேவையில்லை, மற்றப் பாலியல் தொற்றுகளுக்கான பரிசோதனைதான் தேவை.

போக வேண்டிய இடம் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் உள்ள பாலியல் நோய் சிகிச்சை நிலையம். வேறு டொக்டரின் கடிதம் வேண்டாம், காசும் இல்லை, உங்கள் விபரங்களை வெளியே சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் கண்ணால் பார்த்தே நோயை உறுதிசெய்வார்கள். கறுத்தது, இரத்தம் கசிவது, கல்லுப் போல் இறுகியது, மருந்துக்கு அசையாதது என்றால் மட்டும் ஒரு துணுக்கை வெட்டி அனுப்புவார்கள். சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிபிலிசின் இரண்டாம் கட்டத்திலும் ஈரமான தட்டை உண்ணிகள் வரும், அதைக் குணமாக்குவது பெனிசிலின் ஊசி. இரண்டையும் பிரித்தறியாமல் எரித்துக்கொண்டிருந்தால் நோய் உள்ளே வளரும்.

உங்களுக்கு இருப்பது போன்ற சிறிய, ஈரமான இடத்து உண்ணிகளுக்குப் பொருத்தமானவை கிளினிக்கில் செய்யும் இரண்டு முறைகள். திரவ நைதரசனால் உறைய வைப்பது ஒன்று. உண்ணியைச் சுற்றி ஓரிரு மில்லிமீற்றர் வெண்வளையம் தெரியும்வரை உறைய வைப்பார்கள். அப்போது சுரீரென்று குத்தும், பிறகு கொப்புளம் வரலாம், அதை உடைக்கக் கூடாது. மற்றது 80 முதல் 90 வீத டிரைகுளோரோஅசிற்றிக் அமிலம். உண்ணியில் மட்டும் துளியாக வைத்து, வெள்ளையாகிக் காயும்வரை எழும்பாமல் இருக்க வேண்டும். வழிந்தால் அப்பச் சோடாவோ சவர்க்காரமோ போட்டு முறிப்பார்கள். இரண்டுமே ஒரு தடவையில் முடிவதில்லை, ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டிவரும்.

வீட்டில் பூசும் மருந்து தந்தால் அளவில் கவனமாக இருங்கள். பொடோபிலோடொக்சின் என்றால் காலை மாலை மூன்று நாள், பிறகு நான்கு நாள் ஓய்வு. இப்படி நான்கு சுற்று வரை செய்யலாம். இமிகுவிமோட் 5 வீதக் கிறீம் என்றால் வாரத்தில் மூன்று இரவு, ஒருநாள் விட்டு ஒருநாள், ஆறு முதல் பத்து மணித்தியாலத்தில் கழுவிவிட வேண்டும், அதிகபட்சம் 16 வாரம். சிவப்பது வழமை, தோல் உரிந்து புண்ணானால் சில நாள் நிறுத்துங்கள். சீக்கிரம் போகட்டும் என்று கூடுதலாகப் பூசுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. புண் ஆறும்வரை மருந்தை நிறுத்த வேண்டிவருவதால் நாள்தான் நீளும். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் இந்த இரண்டு கிறீம்களையும் தவிர்ப்பார்கள், உறைய வைப்பதும் கிளினிக்கில் வைக்கும் அந்த அமிலமும் செய்யலாம்.

உண்ணி போன பிறகும் பக்கத்துத் தோலில் வைரஸ் தங்கியிருக்கும். முதல் மூன்று மாதத்துக்குள் திரும்ப வருவது சாதாரணம், மருந்து தோற்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அவ்விடத்து முடியைச் சவரம் செய்யாதீர்கள், கீறல் வழியே பரவும். உண்ணி மறையும்வரை உறவைத் தவிர்ப்பது நல்லது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், ஆனால் அது மூடாத தோல் வழியே தொற்றலாம். இமிகுவிமோட் பூசியிருந்தால் ஆணுறையே பலவீனப்பட்டுக் கிழியும். கழிப்பறை வழியாகவோ வீட்டு வேலை, சமையல் வழியாகவோ மகளுக்குத் தொற்றாது. துவாயை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மகளின் கடிதத்தில் தயங்காமல் கையெழுத்து வையுங்கள். 2017 முதல் நம் நாட்டில் தரம் 6 மாணவியருக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போடும் எச்.பி.வி. தடுப்பூசி அது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கிறது. பிள்ளைப்பேற்றை அது பாதிக்காது. கை நோகலாம், சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றலாம், அதனால் போட்ட பிறகு கால்மணி நேரம் இருத்தி வைப்பார்கள். வைரஸைச் சந்திக்கும் முன்பே போட்டால்தான் முழுப் பலன் என்பதால்தான் இந்த வயது. உங்களுக்கு வந்துவிட்ட உண்ணியை அந்த ஊசி கரைக்காது.

கிளினிக்குக்குப் போகும்போது நீங்கள் பூசிய மருந்துப் போத்தலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். புண் ஆறிய பின்தான் சிகிச்சையைத் தொடங்குவார்கள், ஆனால் பரிசோதனைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.