மாதம் 300 ரூபாயில் புயலுக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் வீட்டிலேயே தையல். மாமியாருக்கு இன்சுலின் போடுகிறோம், பையன் 2-ஆம் வகுப்பு படிக்கிறான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட், பால், குடிதண்ணீர் எதுவும் இல்லாமல் நாலு நாள் திண்டாடிவிட்டோம். ஆன்லைனில் ‘எமர்ஜென்சி கிட்’ என்று 3,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். எங்களால் இந்த ஆகஸ்ட் முதல் மாதம் 300 ரூபாய்தான் ஒதுக்க முடியும். எதை முதலில் வாங்குவது?

பதில்: அந்த கிட்டை வாங்காதீர்கள். அதில் இருக்கும் திசைகாட்டியும் வெள்ளிநிறப் போர்வையும் மலையேறப் போகிறவர்களுக்குச் சரி. மிக்ஜாமில் உங்களுக்கு இல்லாமல் போனது தண்ணீரும் வெளிச்சமும் பாலும். அதற்கு வேண்டியதில் பாதி இப்போதே உங்கள் வீட்டில் இருக்கிறது. இருக்கிற இடம்தான் தப்பாக இருக்கும்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். 2015-இல் நானும் எல்லாம் சேர்த்து வைத்தவன்தான். டார்ச், தீப்பெட்டி, ரவை, மாத்திரை எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். டிசம்பர் 2 விடியற்காலையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது முதலில் முழுகியது அந்தப் பெட்டிதான். தீக்குச்சி மருந்து கரைந்து ரவை முழுக்கச் சிவப்பாகிக் கிடந்தது. ஆகவே நீங்கள் சேர்ப்பதெல்லாம் பரணுக்குப் போகட்டும். பையனின் பழைய ஸ்கூல் பை இரண்டு இருந்தால் போதும். ஒரு பையை பரணில் வையுங்கள். இன்னொன்றை மாடி வீட்டில் கொடுத்து வையுங்கள். மாடி வீட்டு அக்காவிடம் இதைப் பேச வேண்டிய நேரம் ஆகஸ்ட், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அல்ல.

முதல் மாதம் தண்ணீர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று வைத்தால் நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். இதற்காகப் புது கேன் வாங்க வேண்டாம். 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் பதினெட்டு சேருங்கள். தெரிந்த கல்யாண மண்டபத்திலோ மெஸ்ஸிலோ கேட்டால் சும்மா கொடுப்பார்கள். எண்ணெய், பினாயில் வைத்த பாட்டில் மட்டும் வேண்டாம். என்னைக் கேட்டால் கேனைவிட பாட்டில்தான் மேல். இருட்டில் பையன்கூட இரண்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம், ஒன்றில் கை பட்டு அழுக்கானாலும் மற்றது கெடாது. மாதப் பிறப்பன்று பழைய தண்ணீரைப் பாத்திரம் கழுவ ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடித்து வையுங்கள்.

கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் ஏமாறுகிற இடம் தரைக்கு அடியில் இருக்கிற சம்ப் தொட்டிதான். தெருவில் தண்ணீர் ஏறினால் சாக்கடை நேராக சம்புக்குள் இறங்கிவிடும். கரண்ட் போனால் மோட்டாரும் ஓடாது. எனவே ரெட் அலர்ட் என்று செய்தி வந்த அன்றே வீட்டுக்காரரிடம் சொல்லி மேல் தொட்டியை நிரப்பச் செய்யுங்கள். ஒரு பட்டை குளோரின் மாத்திரை மருந்துக்கடையில் வாங்கி வையுங்கள். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்று அட்டையிலேயே போட்டிருக்கும். போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் அது சரியாக வேலை செய்யாது. முதலில் தெளியவிட்டு, பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டிக்கொள்ளுங்கள். கேஸ் இருந்தால் கொதிக்க வைப்பதுதான் நல்லது. ஆனால் வெள்ளத் தண்ணீரில் பெட்ரோல், டீசல் வாடை வந்தால் கொதிக்க வைத்தாலும் குடிக்கக்கூடாது.

மிச்சப் பணத்தில் பென்சில் செல் போடுகிற சின்ன டார்ச் ஒன்று. சார்ஜ் செய்கிற எமர்ஜென்சி லைட் இரண்டாம் நாளே படுத்துவிடும். செல்லை டார்ச்சுக்குள் போட்டு வைக்காதீர்கள், கசிந்து வீணாகும். தனியாக பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம் என்பேன். வீட்டில் தைக்கிற துணி குவிந்திருக்கும், குழந்தையும் இருக்கிறான். போனுக்குப் பவர் பேங்க் வாங்கப் பணம் இல்லையே என்று யோசிக்காதீர்கள், உங்கள் வீட்டில் ஆட்டோ இருக்கிறது. அதன் பேட்டரியில் மாட்டுகிற யூஎஸ்பி சார்ஜர் மெக்கானிக் கடையில் மலிவாகக் கிடைக்கும். மழைக்கு முன்னாலேயே ஆட்டோவை மேடான இடத்தில் நிறுத்தினால்தான் அதுவும் உதவும். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஏன் கார்கள் வரிசை கட்டுகின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மாதம் மருந்து. ‘ஃபிரிட்ஜ் நின்றால் இன்சுலின் போச்சு’ என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பெரும்பாலான இன்சுலின் வகைகள் திறந்த பிறகு 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் ஏறத்தாழ நாலு வாரம் தாங்கும். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் மழையில் வீட்டுக்குள் அவ்வளவு சூடு இருக்காது. ஐஸ் கட்டியில் புதைத்து வைப்பதுதான் ஆபத்து. உறைந்துவிட்டால் அந்த மருந்து அவ்வளவுதான், தூக்கிப் போட வேண்டியதுதான். வெயில் படாத மூலையில், மண்பானைக்குள் உலர்ந்த டம்ளரில் நிறுத்தி, பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் போதும். ஊசி, மாத்திரை எல்லாம் ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். வீட்டுக்கே மருந்து தருகிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வாங்குகிறவர் என்றால் அக்டோபரிலேயே நர்ஸிடம் சொல்லி வையுங்கள். இன்னொன்று: சாப்பாடு தாமதமாகிற நாளில் இன்சுலின் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை அவர் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் கரைத்துக் குடிக்க ஓஆர்எஸ் பாக்கெட் நாலைந்து வாங்குங்கள். தீர்ந்துபோனால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு மட்டும் கூடவே கூடாது.

சாப்பாட்டைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அதற்குத்தான் எல்லோரும் முதலில் ஓடுகிறார்கள். அரிசி ரேஷனில் வருகிறது, ஆனால் அதற்கு அடுப்பு வேண்டும். நீங்கள் வாங்க வேண்டியது அடுப்பு கேட்காத பண்டம். அவல் 2 கிலோ, பொட்டுக்கடலை அரைக் கிலோ, வறுத்த வேர்க்கடலை அரைக் கிலோ, வெல்லம், பால் பவுடர். கெட்டி அவலைக் கால் மணி நேரம் ஊறவைத்து, வெல்லம் போட்டுப் பையனுக்கு. மாமியாருக்கு வெல்லம் வேண்டாம். உப்பும் வேர்க்கடலையும் போட்டு அளவாகக் கொடுங்கள். ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் இருந்தால் அதே அவல் புளி அவலாகிவிடும். எல்லாம் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுவதுதான் என்பதால் வீணாகாது. பொங்கலுக்கு முன் தின்று தீர்த்துவிடுங்கள். கேஸ் சிலிண்டரை மட்டும் ஐப்பசி பிறந்ததுமே புக் செய்துவிடுங்கள்.

நவம்பரில் வாங்க ஒன்றுமில்லை. அந்த 300-ஐ பத்தும் இருபதுமாக மாற்றி, ரேஷன் கார்டு, ஆதார், ஆட்டோ ஆர்சி, மருந்துச் சீட்டோடு ஜிப் கவரில் போடுங்கள். டவர் விழுந்தால் ஜிபே வேலை செய்யாது. மிக்ஜாமுக்குப் பிறகு அரசு கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது என்பதும் நினைவிருக்கும். 1070 (மாநிலப் பேரிடர் உதவி), 1077 (மாவட்டப் பேரிடர் உதவி), 1913 (சென்னை மாநகராட்சி), 108 (ஆம்புலன்ஸ்) எண்களைப் பேனாவால் ஒரு அட்டையில் எழுதி அதே கவரில் வையுங்கள். சார்ஜ் இல்லாத போனிலிருந்து நம்பர் எடுக்க முடியாது.

வாசல் முதல் படியைத் தண்ணீர் தொட்டதும் மெயின் சுவிட்சை அணையுங்கள், சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள், தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றிப் பரணில் வையுங்கள், மாமியாரை மாடிக்கு அழைத்துப் போங்கள். இரண்டாவது படிவரை பார்க்கலாம் என்று நிற்காதீர்கள். இருட்டிய பிறகு வயதானவரைத் தண்ணீரில் நடத்திக் கூட்டிப்போவது எவ்வளவு கஷ்டம் என்று 2023-இல் பார்த்திருப்பீர்கள்.