தைரோகுளோபுலின் கூடியிருந்தால் தைராய்டு புற்றுநோயா?

கேள்வி: என் மனைவிக்கு 41 வயது. தைராய்டில் 2.4 செ.மீ. கட்டி. ஊசிப் பரிசோதனையில் 'பெத்தஸ்டா 3' என்று வந்திருக்கிறது. ரத்தத்தில் தைரோகுளோபுலின் 140. புற்றுநோய்தானா? மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: அந்த 140-ஐ முதலில் ஒதுக்கி வையுங்கள். தைரோகுளோபுலின், நோயில்லாத தைராய்டு செல்லும் சுரக்கிற புரதம். சாதாரணக் கழலையிலும் அழற்சியிலும், ஏன், ஊசி குத்திய பிறகும்கூட ஏறும். அறுவைக்கு முன்னால் இதை வைத்துப் புற்றுநோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. சுரப்பியை முழுதாக எடுத்தபின் நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கத்தான் இது பயன்படும். அப்போதும் தைரோகுளோபுலின் எதிர்ப்பொருளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அது ரத்தத்தில் இருந்தால் பெரும்பாலான கருவிகளில் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் சில கருவிகளில் இதே குளறுபடியைச் செய்யும். மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

ஊசிப் பரிசோதனை முடிவுகளை ஆறாகப் பிரிக்கும் முறைக்குப் பெயர் பெத்தஸ்டா. அதில் 'பெத்தஸ்டா 3' என்றால் செல்களில் மாறுதல் இருக்கிறது, ஆனால் முடிவு சொல்லப் போதாது. இந்தப் பிரிவில் அறுவை செய்து பார்த்தவர்களில் சராசரியாக 22 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்ததாக அந்த முறையின் 2023 பதிப்பு சொல்கிறது. வழக்கமான அடுத்த படி, மறுபடி ஊசி. மரபணுச் சோதனைக்கும் அதுவே சரியான சமயம்: ஒரு குத்தில் வரும் செல்களைத் தனியாகப் பதப்படுத்தும் திரவத்தில் போடச் சொல்லுங்கள். ரத்தம் கலந்து செல் குறைவாக வந்த மாதிரியில் 'மாற்றம் இல்லை' என்று வந்தால் அதற்கு மதிப்பே கிடையாது.

எந்தச் சோதனை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பி-ராஃப் என்ற மரபணுவில் வி600இ மாற்றம் இருந்தால், தைராய்டு புற்றில் அதிகம் காணப்படும் பாப்பில்லரி வகை ஏறக்குறைய உறுதி. இல்லையென்றால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. பாப்பில்லரியிலேயே பலருக்கு அது இருக்காது, ஃபாலிக்குலர் வகையில் அநேகமாக இருப்பதே இல்லை. 'பெத்தஸ்டா 3'-இல் ஒளிந்திருக்கும் புற்றுகளில் ராஸ் என்ற மரபணுவின் மாற்றமே அதிகம். அதனால் பி-ராஃப் ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டுவது பெரும்பாலும் வீண். பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பேனல் வேண்டும். அதிலும் ராஸ் மட்டும் வந்தால் குழப்பம் தீராது, அடினோமா என்ற தீங்கில்லாத கட்டியிலும் அது உண்டு. டெர்ட் என்ற மரபணுவின் மாற்றமும் சேர்ந்து வந்தால் விஷயம் வேறு. வீரியமான புற்றாக இருக்கும் சாத்தியம் கூடுகிறது. பேனல் கட்டுப்படியாகாவிட்டால், அல்ட்ராசவுண்டில் கட்டி சந்தேகமாக இருக்கும்பட்சத்தில், அந்தப் பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்துத் திசுவாய்வு செய்வதும் நியாயமான வழியே.

இந்தக் கட்டத்தில் கேட்டு வாங்க வேண்டிய ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டென்றால் அது கால்சிட்டோனின்; தைராய்டின் சி-செல்கள் சுரக்கும் ஹார்மோன் அது. மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராமைத் தாண்டினால், அந்த செல்களில் தோன்றும் மெடுல்லரி புற்றை வலுவாகச் சந்தேகிக்க வேண்டும். 10-க்கும் 100-க்கும் இடைப்பட்டால் பதற வேண்டாம்: பான்டோபிரசோல் மாதிரியான அமில மாத்திரைகளும் சிறுநீரகச் செயலிழப்பும் இதை ஏற்றும். ரத்தத்தை எடுத்ததும் பனிக்கட்டியில் வைத்து லேபுக்கு அனுப்பாவிட்டால் அளவு குறைந்துவிடும். மெடுல்லரி உறுதியானால் ரத்தத்தில் ரெட் மரபணுவைப் பார்த்தே ஆக வேண்டும். நான்கில் ஒருவருக்கு அது பரம்பரை, பிள்ளைகளையும் சோதிக்க வேண்டிவரும். பரம்பரை வகையில் அட்ரினல் சுரப்பியிலும் கட்டி இருக்கலாம் என்பதால், அதைக் காட்டிக்கொடுக்கும் மெட்டநெஃப்ரின் அளவையும் அறுவைக்கு முன் பார்க்க வேண்டும். அந்தக் கட்டி இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக எகிறும்.

கழுத்தில் நெறிகட்டியிருந்தால் அதிலும் ஊசி போட்டு, அதே ஊசியை 1 மி.லி. சலைனில் அலசித் தைரோகுளோபுலின் பார்க்கச் சொல்லுங்கள். நெறிக்குள் அந்தப் புரதத்துக்கு வேலையில்லை. மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்கு மேல் இருந்தால் புற்று பரவியதாகவே எடுத்துக்கொள்வார்கள்.