இடைக்காலம் எந்த ஆண்டில் முடிந்தது?

கேள்வி: ஐரோப்பாவின் இடைக்காலம் கி.பி. 476இல் தொடங்கி 1453இல் முடிந்ததாக ஒரு நூலிலும், 1492இல் முடிந்ததாக மற்றொரு நூலிலும் படித்தேன். எது சரி?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: தேர்வென்றால் உங்கள் பாடநூலில் உள்ள ஆண்டையே எழுதிவிடுங்கள்; எது சரி என்று கேட்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

476இல் ஒடோவாக்கர் என்ற படைத்தலைவர், மேற்கு ரோமப் பேரரசை ஆண்ட ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற இளம் பேரரசரைப் பதவியிலிருந்து இறக்கி, ஆண்டுதோறும் ஒரு தொகையும் ஒதுக்கி, நேப்பிள்ஸ் பக்கத்து மாளிகை ஒன்றில் குடிவைத்தார். மேற்கின் அரச சின்னங்கள் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த கிழக்கு ரோமப் பேரரசர் சீனோவுக்கு அனுப்பப்பட்டன. ரோமின் செனட் சபை அதற்குப் பிறகும் இயங்கியது; முந்தைய பேரரசர் யூலியஸ் நெப்போஸோ 480இல் கொல்லப்படும்வரை டால்மேஷியாவில் பட்டத்தை விடாமல்தான் இருந்தார். 476ஓடு மேற்குப் பேரரசு அழிந்தது என்ற கூற்றையே, ஆறாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து எழுதிய வரலாற்றெழுத்தாளர் மார்செல்லினஸிடம்தான் தெளிவாகக் காண்கிறோம்.

ஆகவே 476 என்பது பிற்காலத்தார் நட்ட எல்லைக்கல். அதை எல்லோரும் ஏற்றதும் இல்லை. 1688இல் இடைக்கால வரலாற்றைத் தனி நூலாக வெளியிட்ட ஜெர்மானியப் பேராசிரியர் செல்லாரியஸ், நான்காம் நூற்றாண்டின் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனிலிருந்தே அதைத் தொடங்கினார். பெல்ஜிய வரலாற்றறிஞர் ஹென்றி பிரென் எதிர்த்திசையில் போனார். ரோமை வென்ற ஜெர்மானிய அரசர்களின் காலத்திலும் தங்க நாணயம் புழங்கியது, எகிப்தின் பாப்பிரஸ் மார்சேய் துறைமுகத்தில் வந்து இறங்கியது. ஏழாம் நூற்றாண்டில் அரேபியர் வெற்றிகளால் மத்தியதரைக் கடல் வணிகம் அறுபட்ட பிறகே வெள்ளி நாணயமும் தோல் ஏடுமாக வேறோர் ஐரோப்பா உருவானது என்பது அவர் வாதம். அந்த வணிகம் அதற்கு முன்பே நலியத் தொடங்கியிருந்ததை அகழாய்வுகள் காட்டியதால் அவர் சொன்ன காரணம் ஆட்டம் கண்டது. ஆயினும் அரியணையை விட்டுவிட்டு, துறைமுகத்தில் என்ன இறங்கியது என்று பார்த்த அவரது முறையே எனக்கு மேலானதாகப் படுகிறது.

முடிவு ஆண்டும் கேட்பவரைப் பொறுத்ததே. பைசாந்தியப் பேரரசை, அதாவது கிழக்கு ரோமப் பேரரசை, ஆய்பவருக்கு அதன் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியரிடம் வீழ்ந்த 1453. ஸ்பெயினை ஆய்பவருக்கு அங்கிருந்த கடைசி முஸ்லிம் அரசான கிரானடா சரணடைந்து, கொலம்பஸும் கப்பலேறிய 1492. இங்கிலாந்துக்கு, டியூடர் அரசமரபை அரியணை ஏற்றிய பாஸ்வொர்த் போர் நடந்த 1485. திருச்சபை வரலாற்றுக்கு, மார்ட்டின் லூதரின் சீர்திருத்த இயக்கம் தொடங்கிய 1517. பிரெஞ்சு அறிஞர் ழாக் லெ கோஃப் இவை எதையும் ஏற்காமல், உழவும் பஞ்சமும் அரசமுறையும் பெரிதாக மாறாததால் இடைக்காலம் பதினெட்டாம் நூற்றாண்டுவரை நீண்டது என்றார். உழவரை வைத்துப் பார்த்தால் அது பொருந்தலாம். ஆனால் 1500க்குள் ஐரோப்பாவின் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் அச்சகங்கள் வந்துவிட்டதை அந்த நீண்ட கணக்கில் எங்கே வைப்பது என்பதற்கு அவர் தரும் விடை எனக்குப் போதவில்லை.