பக்கத்து வீட்டு நாய் அவிழ்த்துவிட்டபடி திரிகிறதா? காவல் நிலையத்துக்குப் போகும் முன் ஒரு கடிதம்

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஒரு பொமரேனியனும் இரண்டு பூனைகளும் வளர்க்கிறோம். பக்கத்து வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் கேட்டைத் திறந்து சங்கிலி இல்லாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எங்கள் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி வந்து பூனையைத் துரத்துகிறது. போன வாரம் என் நாயின் கழுத்தைக் கவ்வ வந்தது. நான் சட்டென்று தூக்கிக்கொண்டதால் தப்பித்தது. கேட்டால், "அது விளையாடுதும்மா, கடிக்காது" என்றார் வீட்டுக்காரர். இப்போது ஒருபடி மேலே போய், "அது எங்க நாயே இல்ல, சும்மா சோறு போடுறோம்" என்கிறார். போலீஸில் புகாரை எடுப்பார்களா? தெரிந்த ஒருவர் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால் நாயை 'அப்புறப்படுத்தி'த் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

வழக்கறிஞர் பதில்:

முதலில் அந்தப் பத்தாயிரம் ரூபாய் ஆளோடு பேச்சை நிறுத்துங்கள். அவர் அந்த நாயை விஷம் வைத்துக் கொல்வார், அல்லது சாக்கில் கட்டி எங்கேயாவது ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருவார். விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது எல்லாம் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 325-வது பிரிவின்கீழ் ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை உள்ள குற்றம். நாயை அலட்சியமாக அவிழ்த்துவிட்ட உங்கள் அண்டை வீட்டாருக்கு அதே சட்டத்தில் அதிகபட்சம் ஆறு மாதம்தான். அதாவது, இன்றைக்கு நியாயம் உங்கள் பக்கம். பணம் கைமாறிய மறுநிமிடம் குற்றவாளிக் கூண்டில் நீங்கள்தான். கூகுள் பே-யில் அனுப்பினால் சாட்சியையும் நீங்களே தயாரித்துக் கொடுத்த மாதிரி.

அவரோடு இன்னொரு வகை ஆளும் வருவார், ஜாக்கிரதை. காரில் கொடி, கழுத்தில் அடையாள அட்டை, 'மனித உரிமை' என்றோ 'விலங்கு நலம்' என்றோ ஒரு லெட்டர்பேடு. "நான் ஸ்டேஷன்ல பேசிக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்பார். உங்களிடம் ஒரு தொகை வாங்குவார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டிலும் போய் நாயைக் காப்பாற்றித் தருவதாக ஒரு தொகை வாங்குவார். அந்த அட்டைக்குச் சட்டத்தில் எந்த அதிகாரமும் கிடையாது. புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்கே இருக்கும்போது நடுவில் ஆள் எதற்கு? இந்தத் தரகர்களால் கெட்டுப்போன நாய்த் தகராறுகள்தான் என் மேஜைக்கு அதிகமாக வருகின்றன. நாய் கடித்துக் கெட்டவை குறைவு.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? உங்களுக்குப் பொருந்துவது சன்ஹிதாவின் 291-வது பிரிவு. தன் வசம் உள்ள விலங்கினால் ஆபத்து வராமல் தடுக்கப் போதுமான ஏற்பாடு செய்யாதவருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289. 2024 ஜூலை 1 முதல் எண் மாறிவிட்டது. கோர்ட் வாசலில் மனு தட்டச்சு செய்பவர்கள் சிலர் இன்னும் 289 என்றே அடித்துத் தருகிறார்கள். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

இந்தப் பிரிவில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இது மனித உயிருக்கோ, மனிதருக்குப் பலத்த காயத்துக்கோ ஆபத்து இருந்தால்தான் வேலை செய்யும். உங்கள் பூனைக்கு ஆபத்து என்று மட்டும் எழுதினால், காவல் நிலைய எழுத்தர் அதைப் படித்துவிட்டு, "பூனைக்கெல்லாமா கேஸ் போடுவாங்க, பேசித் தீர்த்துக்குங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவர் சொல்வதில் சட்டப்படி பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் எரிச்சல். ஆகவே நடந்ததை நடந்தபடி, ஆனால் மனிதரை முன்னால் வைத்து எழுதுங்கள். நாயைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தபோது அந்தச் சிப்பிப்பாறை பாய்ந்தது உங்கள் மேல்தானே? அதுதான் உங்கள் புகாரின் முதல் வாக்கியம். அந்தத் தெருவில் குழந்தைகள் விளையாடினால், வயதானவர்கள் நடந்தால் அதையும் எழுதுங்கள். இல்லாத கீறலைச் சேர்க்க வேண்டாம். மருத்துவச் சான்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆனால் புகாருக்கு முன்னால் ஒரு கடிதம். வாய்ப்பேச்சுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு குறைவு. நாய் பாயும் குணமுள்ளது என்று உரிமையாளருக்கு முன்பே தெரியும், தெரிந்தும் சும்மா இருந்தார் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். நாளைக்கு உங்கள் நாய்க்குத் தையல் போட்டு நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்குக்குப் போனாலும் இதே கேள்விதான் எழும். "விளையாடுது, கடிக்காது" என்ற பதிலை உடைக்கக் கடிதம் ஒன்றுதான் வழி. ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன நடந்தது; நீங்கள் என்ன கேட்கிறீர்கள். வக்கீல் நோட்டீஸ் இந்தக் கட்டத்தில் வேண்டாம். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், ஸ்பீடு போஸ்ட்டிலேயே பதிவும் ஒப்புகையும் சேர்த்துக் கேட்டு அனுப்புங்கள். வாங்க மறுத்தாலும் பரவாயில்லை, 'மறுத்தார்' என்று திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள். அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள் என்றால் வீட்டு உரிமையாளருக்கும் ஒரு நகல்.

அந்தக் கடிதத்தில், "நாயை எப்போதும் கட்டியே போடுங்கள்" என்று எழுதிவிடாதீர்கள். நாயை அநியாயமாக நீண்ட நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டுவதும், கட்டியே வளர்க்கும் நாயை நடக்கவிடாமல் வைத்திருப்பதும் 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அவர் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். (அந்தச் சட்டத்தின் அபராதம் முதல் தடவைக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை. ஆம், ஐம்பது. ஒரு டீ, வடைக் காசு. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஐம்பது ஏறவில்லை.) தவிர, சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு வளர்த்த இனம், ஓடுவதைக் கண்டால் துரத்தும். நாள் முழுக்கக் கட்டிவைத்து ஒருநாள் அவிழ்த்தால் இன்னும் மோசமாகத்தான் பாயும். கேட்டைப் பூட்டுங்கள், தெருவில் கயிற்றோடு மட்டும் கூட்டி வாருங்கள், வாய்மூடி போடுங்கள், சுவர்மேல் வலை அடியுங்கள் என்று கேளுங்கள். இவற்றை நியாயமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

'ஆபத்தான இனங்கள்' பட்டியலைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களை விற்கவும் வளர்க்கவும் தடை போடச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையை அடுத்த மாதமே டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எப்படியும் சிப்பிப்பாறை அந்த வம்பிலேயே இல்லை. 291-க்கு இனம் ஒரு பொருட்டே அல்ல.

இனி, "எங்க நாயே இல்ல" என்ற பேச்சுக்கு வருகிறேன். சென்னையில் இப்போது இதுதான் புது உத்தி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தோற்றால் எல்லாமே போச்சு. தெருநாய் என்று ஆகிவிட்டால் 2023-ம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள் வந்துவிடும். மாநகராட்சி பிடிக்கும், கருத்தடை செய்யும், தடுப்பூசி போடும், பெரும்பாலும் அதே தெருவில் கொண்டுவந்து விடும். 2025 ஆகஸ்ட் 22-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான். வெறிநோய் உள்ள, அல்லது இருப்பதாகச் சந்தேகப்படும், அல்லது மூர்க்கமாக நடக்கும் நாய்களைத்தான் திருப்பி விடக் கூடாது என்றது. மூர்க்கமா இல்லையா என்பதை யார், எப்போது, எதை வைத்து முடிவு செய்வார்கள் என்று கேட்டீர்கள் என்றால், வார்டு அலுவலகம் மண்டலத்தைக் காட்டும், மண்டலம் மீண்டும் வார்டைக் காட்டும். உங்கள் அண்டை வீட்டார் அதற்குள் நாயைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்திருப்பார்.

அதனால் நாய் அவர் வசம்தான் இருக்கிறது என்பதை நீங்கள் நிறுவ வேண்டும். 291 கேட்பது 'வசம்' மட்டும்தான்; வாங்கிய ரசீது கேட்கவில்லை. இரவில் அவர் காம்பவுண்டுக்குள் படுக்கிறதா, அவர்தான் கேட்டைத் திறந்துவிடுகிறாரா, கழுத்துப் பட்டை யார் கட்டியது, கூப்பிட்டால் அவரிடம் போகிறதா, எந்தக் கால்நடை மருத்துவரிடம் யார் பெயரில் ஊசி போட்டார்கள், முகநூலில் "எங்க வீட்டுச் செல்லம்" என்று பொங்கலுக்குப் படம் போட்டாரா? இப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்த்தால் போதும். வீட்டுக்குள் படுக்கவைத்து, பெயர் வைத்து, ஊசி போட்டு வளர்ப்பவர் பிரச்சினை என்றதும் 'சோறு மட்டும்தான் போட்டேன்' என்றால் எந்த நீதிபதியும் சிரிப்பார். நிஜமாகவே தெருவில் படுக்கிற நாய்க்கு ஒரு தட்டு சோறு வைப்பவர் வேறு. அவர்மேல் 291-ஐப் போட முயலாதீர்கள், நிற்காது. அப்படி என்றால் மாநகராட்சிக்கு 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்வதுதான் ஒரே வழி. ஆனால் காலையும் மாலையும் கேட் திறந்து வெளியே வரும் நாய் தெருநாய் ஆகாது.

மாநகராட்சி உரிமம் இங்கே உங்களுக்கு உதவும். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும்; கட்டணம் ஐம்பது ரூபாய், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கட்டாயம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 இறுதியிலிருந்து கண்டிப்பு காட்டுகிறார்கள். அந்த நாய்க்கு உரிமம் இருந்தால் யாருடையது என்பது முடிந்த கதை. இல்லாவிட்டால் மண்டலக் கால்நடை அலுவலருக்கு ஒரு மனு. ஆனால் அனுப்பும் முன் ஒன்று: உங்கள் பொமரேனியனுக்கு உரிமம் எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே எடுங்கள். ஐம்பது ரூபாய் வேலைக்கு ஐந்நூறு, ஆயிரம் கேட்கும் ஆட்களைத் தேட வேண்டாம், இணையத்திலேயே முடியும். புகார் கொடுத்தவரே அபராதம் கட்டிய கதைகள் உண்டு.

இப்போது காவல் நிலையம். கடிதத்தின் நகல், ஒப்புகை, படங்களோடு இரண்டு பிரதி மனு கொண்டுபோங்கள். 291 போலீஸார் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம்தான். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர்கள் கடித்தபோது உரிமையாளரை உடனே கைது செய்தார்கள். அப்படி ஒரு குழந்தை கிழிபடும்வரை நகராத இயந்திரம் இது என்று நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. உங்களுக்கு முதல் நாளே எஃப்.ஐ.ஆர். கிடைக்காது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். மனு மட்டும் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் வந்தால், நீங்கள் போகவே இல்லை என்றுதான் அர்த்தம். நிலையத்தில் நகரவில்லை என்றால் எழுத்தில் மேலதிகாரிக்கு அனுப்பலாம், அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட். முதல்வர் உதவி மையத்துக்கு 1100-ல் போடலாம், தப்பில்லை. பல நேரம் அது சுற்றி வந்து அதே நிலைய எழுத்தர் மேஜையில் விழும்.

இன்னொரு பொறி: "சமாதானமாப் போயிடுங்க" என்று ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து கேட்பார்கள். சமாதானம் நல்லதுதான். ஆனால் 'மேற்கொண்டு எந்த நடவடிக்கையும் வேண்டாம்' என்று மட்டும் எழுதியதில் போடாதீர்கள். 'எதிர்த்தரப்பு தன் நாயைக் கயிறு, வாய்மூடி இல்லாமல் வெளியே விட மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறார்' என்ற வரி அதில் இருக்க வேண்டும். அவர் கையெழுத்தும் வேண்டும். 'தன் நாய்' என்ற அந்தச் சொல்லுக்காகவே இது முக்கியம்.

இதற்கும் அடங்காவிட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 152-வது பிரிவு இருக்கிறது. ஆபத்தான விலங்கை அடைத்துவைக்கும்படி நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு செய்ய வேண்டும், ஆர்.டி.ஓ. என்று கேட்டுப் போய் வண்டி லைசென்ஸ் ஆபீஸ் வரிசையில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மெதுவான வழிதான், ஆனால் அந்தச் சம்மன் வீட்டுக்கு வந்தால் பல வீட்டுக் கேட்டுகளுக்குத் தானாகப் பூட்டு வந்துவிடுகிறது. வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண் என்ற முறையில் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு, எண் 15100. வழக்குக்கு முந்தைய சமரசமும் அங்கே நடக்கும்.

கேமரா இருந்தால் அந்தப் பதிவைச் சம்பவத்தன்றே எடுத்து வையுங்கள், பழையது தானாக அழிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றிய பிரதி போதாது. மூலப் பதிவும், பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான ஒரு சான்றும் கேட்பார்கள். பூனைகள் அவர் காம்பவுண்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே போய் அகப்பட்டால் என்னாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

நாய்கள் கட்டிப் புரளும்போது வாய்ப் பக்கம் கை விடாதீர்கள், தண்ணீர் ஊற்றுங்கள். உங்களுக்குச் சின்னக் கீறல் என்றாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம். உங்கள் நாய்க்குக் காயம் பட்டால் கால்நடை மருத்துவரிடம் வெறும் மருந்துச் சீட்டோடு திரும்பாதீர்கள். 'வேறு நாய் கடித்த காயம்' என்று தேதி, நேரத்தோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ரசீதும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். நாயின் பெயரில் போட்டுத் தரும் கிளினிக்குகள் இருக்கின்றன.