வாசகர் கேள்வி பதில்: வீட்டு ஸ்டூடியோவுக்கு விளக்கு வாங்குவது எப்படி?

கேள்வி: பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் குழந்தைகளையும், நானே செய்யும் உலோகக் காதணிகளையும் படம் எடுக்கிறேன். மூன்று எல்.இ.டி. விளக்குகளும் குடைகளும் சேர்ந்த செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதே பணத்தில் கையடக்க ஃப்ளாஷ் என்றால் ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

பதில்: ஒரு ஃப்ளாஷ் போதும். மூன்று விளக்குகளை எங்கே வைப்பது என்று தெரியாத தொடக்க நாட்களில் கிடைப்பது மூன்று மூக்கு நிழல்கள்தான். அந்தச் செட்டுகளில் வரும் விளக்குகள் பெரும்பாலும் வெளிச்சம் குறைந்தவை என்பதால், ஓடியாடும் குழந்தையை எடுக்க ஷட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும், படம் கலங்கிவிடும். ஃப்ளாஷின் வெளிச்சமோ பெரும்பாலும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான நேரமே நீடிப்பதால், அறை விளக்குகளை அணைத்துவிட்டு எடுத்தால் குதிக்கும் குழந்தையின் தலைமுடிகூடத் தெளிவாகப் பதியும். ஷட்டர் வேகத்தை மட்டும் உங்கள் கேமராவின் ஒத்திசைவு வேகத்துக்கு, அதாவது ஃப்ளாஷுடன் சேர்ந்து இயங்கக்கூடிய உச்ச வேகத்துக்கு, மேல் கொண்டுபோகாதீர்கள். பல கேமராக்களில் அது 1/200 நொடி அளவில் இருக்கும். அதைத் தாண்டினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

ஃப்ளாஷுடன் ஒரு வயர்லெஸ் ட்ரிக்கர் (கேமராவிலிருந்து கம்பியில்லாமல் ஃப்ளாஷை மின்னவைக்கும் கருவி), ஒரு ஸ்டாண்ட், ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள வெள்ளைக் குடை அல்லது சாஃப்ட்பாக்ஸ் (முன்பக்கம் வெள்ளைத் துணி போர்த்திய, ஒளியை மென்மையாக்கும் பெட்டி) ஆகியவற்றையும் வாங்குங்கள். ஒளியின் மென்மை விளக்கின் விலையைப் பொறுத்ததன்று. படம் எடுக்கப்படுபவரின் இடத்திலிருந்து பார்க்கும்போது அந்த ஒளிப்பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே, குடையை ஃப்ரேமுக்குள் வந்துவிடாத அளவுக்கு முகத்தருகே கொண்டு வாருங்கள். தூரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் ஏறத்தாழ கால்வாசியாகக் குறைந்துவிடும் என்பதால், அருகில் வைத்தால் ஃப்ளாஷின் பேட்டரியும் நீடிக்கும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் அதுவே இரண்டாவது விளக்கு. உங்கள் அறைச் சுவர்கள் வெள்ளையாக இருந்தால் அவையும் கேட்காமலே ஒளியைத் திருப்பி அனுப்பும். முகத்தில் நிழல் வேண்டும் என்றால் அந்த அட்டையின் மேல் கறுப்புத் துணியைப் போடுங்கள்.

காதணிகள் வேறு விஷயம். பளபளக்கும் உலோகத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதற்கு எதிரே இருப்பவற்றின் பிரதிபலிப்பைத்தான். உற்றுப் பார்த்தால் வளைவில் உங்கள் சட்டையின் நிறமும் லென்ஸின் கறுப்பு வட்டமும் தெரியும். காதணியைச் சுற்றி வெள்ளைத் தாளை வளைத்து நிறுத்தி, ஒளியை அந்தத் தாளின் வழியே அனுப்புங்கள். காதணி அசையாது என்பதால் முக்காலியில் கேமராவை வைத்து மேசை விளக்கைக் கொண்டே எடுக்கலாம். மினுக்கம் எங்கே விழுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துச் சரிசெய்யும் வசதி அதில் உண்டு.

கேள்வி: எல்.இ.டி. விளக்கின் பெட்டியில் 'ஆயிரம் வாட்டுக்கு நிகர்' என்றும் 'சி.ஆர்.ஐ. 95' என்றும் போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: முதலாவதைக் கண்டுகொள்ளாதீர்கள். விளக்கு உண்மையில் எத்தனை வாட் மின்சாரம் எடுக்கிறது என்பது சிறிய எழுத்தில் எங்காவது இருக்கும், அதைப் பாருங்கள். சி.ஆர்.ஐ. என்பது நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு, 95 நல்ல எண்தான். ஆனால் அது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி; அடர் சிவப்பு அந்தக் கணக்கில் சேராது. மனிதத் தோலுக்கு அந்தச் சிவப்பு முக்கியம் என்பதால், அதற்கான ஆர்9 என்ற மதிப்பைத் தனியே குறிப்பிடும் விளக்கைத் தேர்ந்தெடுங்கள். வாங்கியதும் உங்கள் உள்ளங்கையைச் சன்னல் வெளிச்சத்தில் ஒரு முறையும் அந்த விளக்கில் ஒரு முறையும், இரண்டுக்கும் தனித்தனியே ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே பதிவதற்கான கேமரா அமைப்பு) வைத்துப் படம் எடுங்கள். கை வெளிறியோ பச்சை பூத்தோ தெரிந்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பிவிடுங்கள். வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே வரிவரியாக வந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: எதில் சிக்கனம் பார்க்கக் கூடாது?

பதில்: ஸ்டாண்டில். என்னுடைய முதல் ஸ்டாண்ட் விரல் தடிமன்தான் இருந்தது. யாரோ மின்விசிறியைப் போட, குடை பாய்மரமாக விரிந்து, ஃப்ளாஷ் முகங்குப்புற விழுந்தது. ஸ்டாண்டின் ஒரு காலை விளக்கு நீண்டிருக்கும் திசையில் வைத்து, பின்பக்கக் கால் ஒன்றின் மேல் மணல் நிரப்பிய பையைப் போடுங்கள். சாஃப்ட்பாக்ஸ் வாங்குவதானால் போவன்ஸ் மவுண்ட், அதாவது போவன்ஸ் என்ற விளக்கு நிறுவனத்தின் பொருத்துமுறை, உள்ளதாகக் கேளுங்கள். அந்த நிறுவனம் 2017-இல் மூடப்பட்டுவிட்டாலும் அதன் பொருத்துமுறையைப் பல நிறுவனங்கள் இன்றும் பின்பற்றுவதால், பின்னாளில் பெரிய ஃப்ளாஷ் வாங்கினாலும் அந்த சாஃப்ட்பாக்ஸ் உதவும். கையடக்க ஃப்ளாஷை அதில் மாட்ட ஒரு தாங்கி மட்டும் தேவைப்படும்.

கேள்வி: உறவினரிடம் ஃபிலிம் காலத்து ஃப்ளாஷ் ஒன்று இருக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: கேமராவின் தலையில் நேரடியாக மாட்டாதீர்கள். அக்காலத்து ஃப்ளாஷ்கள் சிலவற்றில் ட்ரிக்கர் முனைகளுக்கிடையே 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். டிஜிட்டல் கேமராவின் சுற்று அதைத் தாங்காமல் போகலாம். மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் முதலில் அளந்து பாருங்கள். அளவு அதிகமாக இருந்தால், வேறொரு ஃப்ளாஷின் மின்னலைக் கண்டு தானும் மின்னவைக்கும் ஒளியுணர் ட்ரிக்கரை, அதுவும் அந்த மின்னழுத்தத்தைத் தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்கி மாட்டினால், பின்திரைக்கு ஒளி தர அந்தப் பழைய ஃப்ளாஷ் போதும்.